பொன் தேடும் உரிமை யாருக்கு?

மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், நல்லதண்ணி என்ற சிற்றூர் இருக்கிறது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையில் இலட்சக்கணக்கான யாத்திரிகர் இவ்வூரைக் கடந்து மலை ஏறுகின்றனர். அவர்களுக்கு இது ஓர் இரவுத் தங்குமிடம். சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்கோ இதுவே உலகம். ஊரின் பெயரைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். குடிப்பதற்கு ஏற்ற நல்ல நீர் கிடைத்த இடத்தை மக்கள் நன்றியோடு நினைத்துச் சூட்டிய பெயராகவே அது ஒலிக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் மஸ்கெலி ஓயாவில் கலக்கின்றன. மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. மலையின் மறுபுறத்தில் பிறக்கும் களு கங்கை இரத்தினபுரியின் வயல்களை நோக்கிச் செல்கிறது.

இந்நீர் வெறும் நீராக இறங்குவதில்லை. பல கோடி ஆண்டுகள் பழமையான பாறைகளைக் கரைத்து, அவற்றுள் அடங்கிய நீலத்தையும் புட்பராகத்தையும் பள்ளத்தாக்குகளின் சரளைக்குள் கொண்டு சேர்க்கிறது. அந்தச் சரளைப் படைக்கு இரத்தினக்கல் தொழிலாளர் இட்ட பெயர் ‘இல்லம்’. பொகவந்தலாவைப் பகுதியின் ஆற்றங்கரையிலே இரவில் இல்லம் தோண்டிய இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர் என்ற செய்தி நாளேடுகளின் மூலையில் அடிக்கடி இடம்பெறுகிறது. சட்டவிரோத அகழ்வு என்று குற்றம் பதிவாகிறது. மண்வெட்டியும் அரிகூடையும் சான்றுப் பொருள்களாகின்றன. செய்தியைப் படிப்பவர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்.

நாம் பக்கத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ளலாம். சட்டவிரோதமாகத் தோண்டுவது குற்றமென்றால், சட்டப்படி தோண்டக்கூடியவன் யார்? அந்த உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது? மண்ணின் மேல் உழைத்தவனுக்கு மண்ணின் கீழ் இருப்பதில் பங்கில்லை என்று எப்போது, யாரால் முடிவு செய்யப்பட்டது? இக்கேள்விக்கு விடை காண, நல்ல தண்ணீர் நிறைந்த இம்மலையிலிருந்து தண்ணீரே இல்லாத பாலை ஒன்றிற்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

* * *

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் நாலா திசைகளிலிருந்தும் ஏழைகள் அங்கே குவிந்தனர். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுபவன் ஒவ்வொருவனும் மாதந்தோறும் முப்பது சிலிங் செலுத்தி அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்றது அரசு. சீட்டில்லாதவனைக் காவலர்கள் வேட்டையாடினர். வாக்குரிமை இல்லை, நிலம் வாங்க வழியில்லை, வரி மட்டும் உண்டு. 1854 டிசம்பர் 3ஆம் நாள் பல்லராட் நகருக்கருகே யுரேக்கா என்ற இடத்தில் தடுப்பரண் எழுப்பி நின்ற தொழிலாளரைப் படையினர் தாக்கினர். இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது, ஆனால் அதன் கோரிக்கை நசுங்கவில்லை. அடுத்த ஆண்டே மாதச் சீட்டு ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுண் செலுத்தினால் ‘சுரங்கத் தொழிலாளி உரிமை’ என்ற பத்திரம் கிடைக்கும் என்று சட்டம் மாறிற்று. அந்தப் பத்திரம் பொன் தேடும் உரிமையைத் தந்தது, குடியிருக்கச் சிறு நிலத்தைத் தந்தது, வாக்குரிமையையும் தந்தது. தோண்டும் உரிமையும் குடியிருக்கும் உரிமையும் வாக்களிக்கும் உரிமையும் ஒரே தாளில் எழுதப்பட்ட இந்நிகழ்ச்சியை மலையக வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். அதன் பொருள் பின்னர் விளங்கும்.

ஆனால் அந்தத் தாளுக்கு ஒரு நிறம் இருந்தது. உரிமைக்காகப் போராடி வென்ற அதே 1855இல், கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனர் மீதும் பத்துப் பவுண் தலைவரியை விக்டோரியா அரசு விதித்தது. வரி கொடுக்க இயலாத சீனர்கள் அயல் மாநிலமான தென் அவுஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான மைல்கள் கால்நடையாகவே பொன்வயலுக்கு நடந்தனர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் நம் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்துகொண்டிருந்தனர் என்பதை நினைக்கும்போது, அந்நூற்றாண்டின் உலக வரைபடம் முழுவதும் ஏழைகளின் காலடித் தடங்களால் வரையப்பட்டது போலத் தோன்றுகிறது.

பொன் வேட்டை பின்னர் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைக்குள் புகுந்தது. 1892இல் கூல்கார்டியிலும் 1893இல் கல்கூர்லியிலும் பொன் கண்டெடுக்கப்பட்டது. அங்கே பொன்னைக் காட்டிலும் அரியது தண்ணீர். உவர் நீரைக் காய்ச்சி வடித்துக் காசுக்கு விற்றனர். நூற்றுக்கணக்கானோர் நச்சுக் காய்ச்சலுக்கு இரையாயினர். கடற்கரை மலைகளிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் குழாய் வழியாக நீர் வந்து சேர்ந்தது 1903இல்தான். அதுவரையில் அப்பாலையில் உணவையும் நீரையும் கருவிகளையும் சுமந்து சென்றவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் ‘ஆப்கானியர்’ என்று பொதுவாக அழைக்கப்பட்டாலும், பலர் பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள்; பலர் பிரித்தானிய முடியின் குடிகள். அவர்கள் இல்லையேல் பொன்வயல் இல்லை. ஆயினும் 1895ஆம் ஆண்டின் பொன்வயல் சட்டம் ஆசிய, ஆபிரிக்க அந்நியருக்குச் சுரங்கத் தொழிலாளி உரிமை இல்லை என்று விதித்தது. தண்ணீர் சுமக்கலாம், பொன் தேடக் கூடாது. அந்த நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த ஆதிக்குடிகளின் கதையோ இன்னும் கொடியது. ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று கூறி அவர்கள் நிலம் பறிக்கப்பட்டது. அந்தக் கூற்று பொய்யென்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1992ஆம் ஆண்டின் மாபோ தீர்ப்பு வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் நடந்தது இதுவே. கலிபோர்னியா 1850இல் அந்நியச் சுரங்கத் தொழிலாளர் மீது மாதம் இருபது டொலர் வரி விதித்தது. 1872ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், கூட்டரசுக்குரிய பொது நிலத்தில் கனிமம் தேடி எல்லைக்கல் நாட்டும் உரிமையைக் குடிமக்களுக்கும், குடிமக்களாக விரும்புவதாக அறிவித்தவர்களுக்கும் வழங்கியது. ஆசியர் அந்நாட்டில் குடியுரிமை பெறவே முடியாதென்று வேறொரு சட்டம் அப்போது விதித்திருந்தது. ஆகவே ‘ஆசியர் தேடக் கூடாது’ என்று சுரங்கச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. குடியுரிமைச் சட்டம் அந்த வேலையை ஓசையின்றிச் செய்து முடித்தது.

இன்றும் அந்தப் பாலைகளில் பொன் தேடுவோர் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவில் உலோகம் காட்டும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறவன் முதலில் செய்வது மண்ணைப் பார்ப்பதன்று. அரசின் நிலப்படத்தைப் பார்ப்பது. சுரங்கத் தொழிலாளி உரிமை கையில் இருக்க வேண்டும். நிலம் எவருக்கும் குத்தகைக்கு விடப்படாத அரச நிலமா என்று அறிய வேண்டும். கம்பனியொன்றின் ஆய்வு உரிமத்துக்குள் அடங்கிய நிலமாயின் சுரங்கத் துறையின் தனி அனுமதி வேண்டும்; சுரங்கக் குத்தகை நிலமாயின் குத்தகைக்காரரின் இசைவு வேண்டும். ஆதிக்குடிகளின் புனித இடங்களைத் தீண்டலாகாது. அமெரிக்காவிலும் நிலம் பொது நிலமா, முன்பே ஒருவர் உரிமை பதிந்த நிலமா, தேசியப் பூங்காவா என்று பார்த்த பின்னரே மண்வெட்டி விழ வேண்டும். பொன் எங்கே இருக்கிறது என்பதை நிலவியல் கூறும். அதை எடுக்கலாமா என்பதை வரலாறு கூறும். நிலப்படத்தில் காணும் ஒவ்வொரு கோடும் ஒரு பழைய போரின் அல்லது ஒரு பழைய களவின் எல்லைக்கோடாகும்.

* * *

இனி நம் மக்களின் கதைக்கு வருவோம்.

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜோன் வாரன் என்ற பிரித்தானிய அதிகாரி, கோலார்ப் பகுதியில் பொன் உண்டென்று கேள்வியுற்றார். கிராம மக்கள் அவர் கண்முன்னே மண்ணை அரித்துப் பொன் துகள்களை எடுத்துக் காட்டினர். மாரிக்குப்பம் அருகே தாழ்த்தப்பட்ட மக்கள் குழிகளுக்குள் இறங்கிக் கல்லை வெட்டி எடுப்பதையும் அது இடிக்கப்பட்டு அரிக்கப்படுவதையும் அவர் கண்டார். ஆக, கோலாரின் பொன்னைக் ‘கண்டுபிடித்தவர்’ எவருமில்லை. அதை அறிந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

அடுத்து நிகழ்ந்தவற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்ப்போம். பழைய குழிகளில் விபத்துகள் நேர்கின்றன என்ற காரணம் கூறி 1859இல் நிலத்தடிச் சுரங்க வேலை தடை செய்யப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துப் படைவீரர், வாரனின் குறிப்பைப் படித்து, மாட்டு வண்டியில் கோலாருக்குச் சென்று பார்த்துவிட்டு, 1873இல் உரிமம் கோரி விண்ணப்பித்தார். மைசூர் அப்போது பிரித்தானிய ஆணையாளரின் ஆட்சியில் இருந்தது. 1875 பிப்ரவரி 2ஆம் நாள் இருபது ஆண்டுக் குத்தகை அவருக்கு வழங்கப்பட்டது. முன்பு குழியில் இறங்கியவனுக்குத் தடை. பின்பு விண்ணப்பம் எழுதியவனுக்குக் குத்தகை. மண் மாறவில்லை, பொன் மாறவில்லை, தாள் மாறிற்று.

லவெலின் உரிமை சில ஆண்டுகளில் பணம் படைத்தவர்களின் கைக்குச் சென்றது. 1880இலிருந்து இலண்டனின் ஜோன் டெய்லர் கம்பனி கோலாரில் காலூன்றியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நிலமற்ற ஏழைகள் குடும்பம் குடும்பமாகச் சென்று சேர்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட தமிழ் மக்கள். சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் கோலாருக்கு வந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளுள் அது ஒன்று. இயந்திரத்துக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளிக்கு மூங்கில் தட்டிக் குடிசையே எஞ்சியது. மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்கு மனிதன் இறங்கினான். பாறை வெடிப்பு சிலரை நொடியில் கொன்றது. நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் பலரை மெல்ல மெல்லக் கொன்றது.

பொன் தாதுத் துண்டு ஒன்றைத் தொழிலாளி தன்னிடம் வைத்திருப்பதே குற்றமாகும்படி சட்டம் செய்யப்பட்டது. தொழிலாளரின் கைரேகையைப் பதிந்து குற்றவாளிகளைப் போல் அடையாளம் வைக்க நிருவாகம் முயன்றபோது, 1930இல் கோலார் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ‘நாங்கள் உழைக்க வந்தவர்கள், திருட வந்தவர்கள் அல்லர்’ என்பதே அப்போராட்டத்தின் உட்பொருள். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு தொன் பொன் வெளியே சென்றது. அங்கே தங்கியவை, மக்கள் ‘சயனைடு மலை’ என்று அழைக்கும் கழிவு மண் குன்றுகளும், வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயில் ஏறும் பிள்ளைகளுமே.

* * *

கோலாரை அறிந்தோர் பலர். தேவாலாவை அறிந்தோர் சிலர். ஆயினும் மலையகத் தமிழருக்கு மிக நெருங்கிய பொன் கதை தேவாலாவினுடையதே.

நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவில், கேரள எல்லையை ஒட்டி, கூடலூர், தேவாலா, பந்தலூர் என்ற ஊர்கள் இருக்கின்றன. 1877 வரையில் மலபாரின் வயநாட்டைச் சேர்ந்திருந்த பகுதி இது. இங்கே குறும்பர் முதலிய பழங்குடி மக்கள் நிலம்பூர் அரச குடும்பத்துக்குக் கட்டுப்பட்டு, ஓடை மணலை அரித்தும் பாறையைக் குடைந்தும் பொன் எடுத்துவந்தனர். 1831இல் கிழக்கிந்தியக் கம்பனி ஓர் இராணுவ அதிகாரியை அனுப்பி ஆராயச் செய்தது. காட்டுக் காய்ச்சல் அந்த முயற்சியை முடித்து வைத்தது. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் வந்தன. கோப்பி நோயால் சரியத் தொடங்கிய வேளையில், பொன் பற்றிய பழைய செய்தி மீண்டும் தலைதூக்கியது.

அப்போது இந்திய அரசு யாரை அழைத்தது தெரியுமா? விக்டோரியா மாநிலத்தின் சுரங்கத் துறைச் செயலாளராய் இருந்த பிரா ஸ்மித் என்பவரை. யுரேக்காவின் நாட்டிலிருந்து வந்த அறிவு, யுரேக்காவின் உரிமையைத் தன்னோடு கொண்டுவரவில்லை. நம்பிக்கை ஊட்டும் அறிக்கையொன்றை அவர் அளித்தார். 1879க்கும் 1881க்கும் இடையே, இந்தியப் பொன்னைத் தோண்டுவதற்கென்று நாற்பதளவான கம்பனிகள் இலண்டன் சந்தையில் தோன்றின. பெயரளவு மூலதனம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பவுண். பெரும்பான்மையானவை வயநாட்டை நம்பியவை. விளையாத கோப்பித் தோட்டங்களைத் துரைமார் கம்பனிகளுக்குக் கொழுத்த விலைக்கு விற்றனர். சில ஆண்டுகளில் நீர்க்குமிழி உடைந்தது. பாறையில் பொன் இருந்தது உண்மை. இலாபம் தரும் அளவுக்கு இல்லை என்பதும் உண்மை. 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அறிக்கையும் நம்பிக்கை தரவில்லை. எடுக்கப்பட்ட பொன் சில பவுண்கள். கைமாறிய பணமோ பல இலட்சம். அந்தப் பொன் வேட்டையில் உண்மையான பொன் மண்ணுக்குள் இருக்கவில்லை, பங்குப் பத்திரத்துக்குள் இருந்தது. குடைந்த சுரங்கங்கள் காட்டுக்குள் வாய் திறந்தபடி கிடந்தன. மேலே தேயிலை வளர்ந்தது.

* * *

இங்கே கடலைக் கடந்து இலங்கைக்குத் திரும்புவோம். ஏனெனில் தேவாலாவின் கதைக்கு அடுத்த பாத்திரங்கள் இங்கிருந்துதான் செல்கின்றன.

இலங்கையில் பொன் வேட்டை நடந்ததில்லை என்று நாம் எண்ணுகிறோம். நடந்தது, அந்தப் பொன்னின் பெயர் கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலமும், மறுதலைச் சான்று காட்டப்படும் வரையில் முடிக்குரியவை என்று கூறியது. கண்டிச் சிங்கள விவசாயி தலைமுறைகளாகப் பயன்படுத்திய சேனை நிலத்துக்கும் காட்டுக்கும் எந்தத் தாளைக் காட்டுவான்? நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் ஆளுநர் முதல் அரச அதிகாரிகள் வரை பலர் இருந்தனர். சட்டம் எழுதிய கையும் நிலம் வாங்கிய கையும் ஒன்றாகவே இருந்த காலம் அது. 1844இல் விலை ஏக்கருக்கு ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. விவசாயி நிலத்தை இழந்தான்; அந்நிலத்தில் உழைக்க இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மற்றொரு நிலமற்றவன் கொண்டுவரப்பட்டான். ஒரே தாள் இரு இனத்து ஏழைகளையும் வஞ்சித்தது. பின்வந்த அரசியல்வாதிகள் அந்த இருவரையும் ஒருவரையொருவர் பகைக்கச் செய்ததே இந்நாட்டின் பெரும் துயரம்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியை ஏழை விவசாயிக்குப் பகிர்ந்தளிக்க வந்த சட்டம்; அவ்வகையில் அது வரவேற்கத் தக்கதே. ஆனால் அதன் பயன் ‘இலங்கையருக்கு’ மட்டுமே என்று வரையறுக்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளி வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. யுரேக்காவில் மூன்று உரிமைகள் ஒரே தாளில் எழுதப்பட்டதைக் கண்டோம். இங்கே நிலம், பிரசாவுரிமை, வாக்கு ஆகிய அதே மூன்றும் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் என்று மனிதர்கள் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தம் செய்த இரு அரசுகளுள் எதுவும் அந்தப் பத்து இலட்சம் பேரின் விருப்பத்தைக் கேட்கவில்லை. ஹற்றனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் இரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். பெற்றோர் அங்கே, பிள்ளைகள் இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

இறங்கியவர்களில் பல ஆயிரம் பேர் எங்கே அனுப்பப்பட்டார்கள்? தேயிலை தெரிந்தவர்களுக்குத் தேயிலை வேலை என்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய திட்டம், பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. ‘டேன்டீ’ என்பது மக்கள் வழக்கு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அதன் தோட்டங்கள் எழுந்தன. ஆம், இலண்டன் கம்பனிகள் குடைந்துவிட்டுப் போன அதே பழைய பொன்வயலின் மேல்தான். மஸ்கெலியாவின் லயத்திலிருந்து புறப்பட்டவன் தேவாலாவின் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் காலடியில் பொன் இருந்தது. கையில் கொழுந்துக் கூடை இருந்தது.

அந்தப் பொன்னை அவன் தொடலாமா? இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி, உரிமமின்றி எவரும் கனிமம் தேடவோ எடுக்கவோ இயலாது. பொன் பெருங்கனிமம், அதற்கான உரிமம் பெருங்கம்பனிக்கு எட்டும், கூலியாளுக்கு எட்டாது. நிலத்தின் நிலைமையோ இன்னும் சிக்கலானது. ஜன்மி நிலங்களை ஒழிக்கக் கூடலூருக்கென்று 1969இல் இயற்றப்பட்ட சட்டம், அரை நூற்றாண்டு கடந்தும் முழுமையாக நிறைவேறவில்லை. அதன் 17ஆம் பிரிவில் அடங்கிய நிலங்களில் வாழ்வோர் பட்டாவின்றித் தவிக்கின்றனர். மலபார் ஜன்மி நிலங்களின் உடைமையாளருக்கு நிலத்தடிக் கனிமத்திலும் உரிமை உண்டென்று 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நல்லது, ஆனால் அந்தத் தீர்ப்பு நிலம் உடையவனைத்தானே பார்த்துப் பேசுகிறது? நிலமே இல்லாதவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆகவே தேவாலாவில் இன்றும் இரவில் சிலர் பழைய சுரங்கங்களுக்குள் இறங்குகின்றனர். கல்லை உடைத்து, அரைத்து, பாதரசத்தில் சேர்த்துச் சிறு பொன் மணியைத் திரட்டுகின்றனர். மண் சரிந்து மாண்டவர்கள் உண்டு. பிடிபட்டுச் சிறை சென்றவர்கள் உண்டு. நச்சு ஓடையில் கலக்கிறது. கூலி போதாத வீட்டின் விளக்கொளியில் இந்த முயற்சியைப் பார்க்க வேண்டும். அதே சமயம் இதை வீரமென்று கொண்டாடுவதும் தவறு. 2022இல் கழகத்தின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. ஓய்வுபெற்ற தொழிலாளி வீட்டை விட்டு வெளியேற வேண்டுமா என்ற கேள்வி அங்கே மீண்டும் எழுந்தது. ஒருமுறை நாடு கடத்தப்பட்ட மக்களுக்கு இரண்டாம் முறையும் காலடி மண் நிலைக்கவில்லை.

* * *

நல்லதண்ணிக்குத் திரும்புவோம். இங்கே கப்பல் ஏறாமல் எஞ்சியவர்களின் நிலை என்ன?

காணிச் சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நீண்ட காலக் குத்தகையும் வந்தது. நில உரிமை அரசிடம் இருப்பதன் அடையாளமாக ஒவ்வொரு கம்பனியிலும் அரசுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு; அதற்குச் சட்டத்தில் வழங்கும் பெயர் ‘பொற்பங்கு’. அரசுக்குப் பொற்பங்கு, கம்பனிக்குக் குத்தகை, தொழிலாளிக்கு நாட்கூலி. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. யுரேக்காவின் மூன்றில் இரண்டு மீண்டன. மூன்றாவதாகிய நிலம் மீளவில்லை. ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்ற வாக்குறுதிகளில் சில ஆயிரம் குடும்பங்கள் வீடு பெற்றுள்ளன. ஏனைய பல குடும்பங்கள் இன்னமும் வெள்ளைக்காரன் கட்டிய லயத்திலேயே இருக்கின்றன. 160 பேர்ச்சஸ் சேர்ந்தது ஓர் ஏக்கர் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 2023இல், வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். மூதாதையரின் வழியில் நடந்த அந்தக் கால்கள் கேட்ட முதற்பொருள் நிலமே.

இரத்தினக்கல் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு என்ன? நேரான தொடர்பு உண்டு. 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை இன்று அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அதைக் கேட்டுச் செல்பவன் முதலில் நிலத்தின் மீது தனக்குள்ள உரித்தைக் காட்ட வேண்டும். அல்லது உரித்துடையவரின் சம்மதத்தைக் காட்ட வேண்டும். இரத்தினபுரிக் குழிகளில் கிடைக்கும் கல்லின் விலையைப் பங்கிடும்போது நிலத்துக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு பங்கு, நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, உழைப்பாளருக்கு ஒரு பங்கு என்பது வழக்கம். அங்கேயுள்ள ஏழைச் சிங்கள விவசாயிக்கு ஒரு துண்டு வயலாவது இருப்பின், அவன் நிலத்தின் பங்கைக் கேட்க முடியும். தோட்டத்து இளைஞனுக்கு முதற்படியே இல்லை. நிலமில்லாதவன் சட்டவிரோதமாகத் தோண்டியது ஏன் என்று கேட்குமுன், சட்டப்படி தோண்ட அவனுக்கு எங்கே இடம் விட்டோம் என்று கேட்பதே நேர்மை.

இதன் பொருள், ஆற்றங்கரையை ஆளுக்கொரு பக்கம் தோண்டலாம் என்பதன்று. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்புகின்றன. அவற்றின் மின்சாரத்தில் நாட்டின் ஆலைகள் இயங்குகின்றன. களனி கங்கை கொழும்பின் குடிநீர். கரையைக் குடைந்தால் மண் நீரில் இறங்கும். சேறு அணையில் தங்கும். மழைக்காலச் சரிவில் முதலில் புதைவது லயமே. மேலும், இரவுக் குழியில் கிடைக்கும் கல்லை அடிமாட்டு விலைக்கு வாங்கும் முதலாளி கைதாவதில்லை. குழியில் நிற்பவனே கைதாகிறான். சட்டமீறலிலும் உழைப்பவனுக்குக் கிடைப்பது மிகச் சிறிய பங்குதான். கோலாரின் சயனைடு மலைகளும் தேவாலாவின் பாதரச ஓடையும் நமக்கு எச்சரிக்கைகள். பொன் போனபின் மக்கள் குடிக்கத் தண்ணீர் எஞ்ச வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது ஒழுங்கற்ற அகழ்வுக்கான அனுமதியை அன்று; ஒழுங்கான உரிமையை. தோட்டத் தொழிலாளிக்கு வீட்டு நிலமும் பயிர் நிலமும் உறுதிப் பத்திரத்துடன் வேண்டும். அரச காணியில் இரத்தினக்கல் அகழ்வு அனுமதிக்கப்படும் இடங்களில், ஏலத்தில் பணம் எறிபவருக்கு மட்டுமன்றி, அவ்விடத்து உழைப்பாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வாய்ப்பு வேண்டும். அணைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் மேலுள்ள சரிவுகள் எவருக்கும் திறக்கப்படாமல் காக்கப்பட வேண்டும். இக்கோரிக்கையில் சிங்கள விவசாயியும் தமிழ்த் தொழிலாளியும் ஒருமித்து நிற்க முடியும். 1840இன் தாள் இருவரையும்தானே ஏய்த்தது?

ஆசிரியர்கள் தம் வகுப்பறையில் ஒரு நிலப்படத்தைத் தொங்கவிடட்டும். கூல்கார்டி, கோலார், தேவாலா, நல்லதண்ணி என்ற நான்கு ஊர்களை அதில் குறிக்கட்டும். ஒவ்வோர் ஊரிலும் நீர் சுமந்தவர் யார், மண் வெட்டியவர் யார், தாள் வைத்திருந்தவர் யார் என்று மாணவரைக் கேட்கட்டும். அந்த மூன்று பெயர்களும் ஒன்றாகும் நாள் வரையில் பொன்வயலின் வரலாறு முடிவு பெறாது.

நம் ஊருக்குப் பெயரிட்ட முன்னோர் பொன்னைத் தேடி வந்தவர்கள் அல்லர். நல்ல தண்ணீரைக் கண்டதும் நின்றார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள். அவர்கள் நின்ற இடம் அவர்களுடையது என்று எழுதிய தாளொன்றை இந்நாடு இன்னும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.